லாப்ரடார் குட்டிக்கு முடி கொட்டுவது ஏன்?

ஆசை மட்டும் போதாது. அறிந்து வளர்க்க வேண்டும்!

ஸ்ரீவைகுண்டம், தாமிரபரணி ஆற்றங்கரையில் உள்ள ஊர். நவதிருப்பதிகளில் ஒன்று. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல், வாழைத் தோட்டம்.

இப்படிப்பட்ட ஊர்களில் முன்பெல்லாம் வீட்டு நாய் என்றால் அது நாட்டு நாய்தான். வாசலில் படுத்திருக்கும். மிச்சம் மீதியைத் தின்னும். இரவில் காவல் காக்கும். அதற்கு டாக்டரும் இல்லை, ஊசியும் இல்லை.

இன்று காலம் மாறிவிட்டது. சிறிய ஊர்களிலும் சீமை நாய் வந்துவிட்டது. அதிலும் லாப்ரடார் என்றால் குழந்தைகளுக்கு உயிர்! சாதுவான நாய். எல்லோரிடமும் வாலை ஆட்டும். போலீஸ் துப்பறியும் படையில் லாப்ரடார் இருப்பதைப் பார்த்து, “அதுபோல் ஒன்று வேண்டும்” என்று பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள். தகப்பனாரும் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் குட்டியை வாங்கி வருகிறார்.

முதல் வாரம் வீடே திருவிழா!

இரண்டாவது வாரம் குட்டி சொறிய ஆரம்பிக்கிறது. கண்ணைச் சுற்றி முடி கொட்டுகிறது. முதுகில் பொடுகு உதிர்கிறது.

“ஆச்சி, குட்டி சொறிஞ்சுகிட்டே இருக்கே!” என்று பேரன் அழுகிறான்.

“வேப்பெண்ணெய் தடவு” என்கிறாள் ஆச்சி. “மண்ணெண்ணெய் ஊற்று” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். “மொட்டை அடித்துவிடு” என்கிறார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி?

பனி நாட்டு நாய்

லாப்ரடாரின் பூர்வீகம் கனடாவில் உள்ள நியூபவுண்ட்லாந்து தீவு. குளிர்ந்த கடல் சூழ்ந்த இடம். அங்கே மீனவர்களோடு கடலில் இறங்கி வலை இழுத்த நாய்களின் வம்சம் இது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போனது. 1903-ல் தனி இனமாக அங்கே அங்கீகாரம் பெற்றது.

குளிர்ந்த தண்ணீரில் நீந்துவதற்கு ஏற்றபடி இதற்கு இரட்டை முடி உண்டு. மேலே குட்டையான, முரட்டு முடி. அடியில் பஞ்சு போன்ற மெத்து முடி. முடியில் ஒரு வகை எண்ணெய்ப் பசை இருக்கும். அதனால் தண்ணீர் உடம்பில் ஒட்டாது.

அந்த நாய் இப்போது நம் ஊர் வெயிலில் வளர்கிறது. கோடைக் காலத்தில் இங்கே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். மனிதனைப் போல் நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

அப்படியானால் மொட்டை அடித்தால் நல்லதுதானே?

இல்லை. அந்த முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. மொட்டை அடித்தால் தோல் வெந்துபோகும். மீண்டும் முடி ஒழுங்காக வளராமலும் போகலாம். தினமும் சீப்பால் வாரிவிட்டால் போதும். உதிர்ந்த முடி வந்துவிடும். நிழலும், எப்போதும் குடிதண்ணீரும் வேண்டும். நடக்கக் கூட்டிப்போவதை விடியற்காலையிலும், பொழுது சாய்ந்த பிறகும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா முடி உதிர்வும் வியாதி அல்ல

முதலில் பயத்தை விட வேண்டும். 4 மாதம் முதல் 6 மாதத்துக்குள் குட்டி முடி உதிர்ந்து, பெரிய நாயின் முடி முளைக்கும். இது இயற்கை. தோல் சுத்தமாக இருந்து, குட்டியும் சுறுசுறுப்பாக இருந்தால் கவலை இல்லை.

எது வியாதி? முடி வட்டமாகக் கொட்டினால் வியாதி. தோல் சிவந்தால், புண் ஆனால், நாற்றம் அடித்தால், இரவெல்லாம் சொறிந்தால் வியாதி. அதிலும் பல வகை உண்டு.

ஒன்று, கண்ணையும் வாயையும் முன்னங்காலையும் சுற்றி முடி கொட்டுவது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிர் இதற்குக் காரணம். தாயிடம் பால் குடிக்கும்போதே அது குட்டிக்கு வந்துவிடுகிறது. குட்டியின் உடம்பு பலவீனமானால் பெருகுகிறது. இது மனிதருக்குத் தொற்றாது. சிறிய அளவில் இருந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். உடம்பெங்கும் பரவினால் வைத்தியம் வேண்டும்.

இரண்டு, சொறி. தாங்க முடியாத அரிப்பு இருக்கும். காது ஓரத்திலும் முழங்கையிலும் தொடங்கும். குட்டியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் அரிப்பு வரும்.

மூன்று, படர்தாமரை. வட்ட வட்டமாக முடி போகும். இதுவும் பிள்ளைகளுக்குத் தொற்றும்.

நான்கு, உண்ணியும் தெள்ளுப்பூச்சியும். உண்ணி ரத்தத்தை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. காய்ச்சலையும் கொடுக்கும். நாய் சாப்பிடாது. ஈறு வெளுக்கும். சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். மருந்து மட்டும் வேறு வேறு. கால்நடை டாக்டர் தோலைச் சிறிது சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பார்க்காமல் மருந்து போடுவது, இருட்டில் கல் எறிவதுதான்.

திருநெல்வேலி அருகே ராமையன்பட்டியில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முற்றிய நோய்க்குச் சென்னைவரை ஓட வேண்டியதில்லை.

மண்ணெண்ணெய் மருந்து அல்ல

மண்ணெண்ணெய், வண்டியின் கழிவு எண்ணெய், பினாயில் — இவற்றைப் பூசுகிறவர்கள் இன்றும் உண்டு. இது மிக ஆபத்து! நாய் தன் உடம்பை நக்கும். விஷம் வயிற்றுக்குள் போகும். தோலும் வெந்துபோகும்.

மனிதர்கள் தேய்க்கும் சோப்பும் நாய்க்கு ஆகாது. மனிதத் தோல் வேறு. நாயின் தோல் வேறு. தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் எண்ணெய்ப் பசை போய்விடும். தோல் வறண்டு பொடுகு வரும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நாய்க்கென்று உள்ள சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் போதும். குளித்தபின் காதைத் துடைப்பது முக்கியம். தொங்கும் காதில் ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும்.

பால் சோறு போதுமா?

முடியின் அழகு வயிற்றிலிருந்து வருகிறது. வெறும் பால் சோறு போட்டால் குட்டிக்குச் சத்துப் போதாது. பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியைக் கொடுக்கும்.

வேக வைத்த முட்டை, கறி, முள் நீக்கிய சாளை மீன் ஆகியவை நல்லவை. மீனில் உள்ள எண்ணெய் முடிக்குப் பளபளப்புத் தரும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகிய மூன்றும் நாய்க்கு விஷம். வேக வைத்த எலும்பு குடலைக் கிழிக்கும். திருநெல்வேலி அல்வா மனிதருக்கு மட்டும்தான்!

லாப்ரடாருக்கு இன்னொரு குறை உண்டு. எவ்வளவு தின்றாலும் இன்னும் கேட்கும். 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ நாலில் ஒரு லாப்ரடாருக்கு, “வயிறு நிறைந்தது” என்று மூளைக்குச் சொல்லும் பரம்பரைக் கூறு ஒன்றில் குறை இருக்கிறது. “கேட்கிறதே, பாவம்!” என்று போட்டுக்கொண்டே இருந்தால் நாய் பெருத்துவிடும். மூட்டு தேயும்.

ஊசி ஏன் பல தடவை?

முடி கொட்டினால் முளைக்கும். உயிர் போனால் வருமா?

குட்டிகளைக் கொல்வதில் முதன்மையானது பார்வோ என்ற வைரஸ். 1978-ல் உலகமெங்கும் பரவியது. வாந்தி, ரத்தப் பேதி. இரண்டு மூன்று நாளில் குட்டி சுருண்டு விழும். இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். ஆகவே, “எங்கள் குட்டி வெளியே போவதில்லை” என்று சொல்லித் தப்ப முடியாது.

முதல் ஊசி 6 முதல் 8 வாரத்துக்குள். பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் முடியும்வரை போட வேண்டும்.

ஏன் இத்தனை தடவை? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் குட்டியைக் காக்கும். அது இருக்கும்வரை ஊசி மருந்து சரியாக வேலை செய்யாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் விட்டு விட்டுப் போடுகிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்தினால் பாதி வழியில் படகை விட்டு இறங்கியது போல் ஆகும்.

நெல் விளையும் ஊரில் எலி உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக் காய்ச்சல் வரும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஸ்ரீவைகுண்டத்தைச் சூழ்ந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்று, பயணிகள் நூற்றுக்கணக்கில் தவித்ததை யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு எலிக் காய்ச்சல் நாயையும் தாக்கும், மனிதரையும் தாக்கும். இதற்கும் ஊசி உண்டு.

குடற்புழு மருந்தும் அவசியம். தாய் வயிற்றிலேயே குட்டிக்குப் புழு வந்துவிடும். புழு உள்ள குட்டிக்கு வயிறு உப்பும், முடி மங்கும். அந்தப் புழு பிள்ளைகளுக்கும் வரும். குட்டியோடு விளையாடியபின் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

வீட்டு நாய் தெரு நாயாகும் கதை

2025-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் தெரு நாய் பற்றியே பேச்சு. 2024-ல் மட்டும் இந்தியாவில் 37 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டது. 2025 ஆகஸ்ட் 22-ல் ஓர் உத்தரவு பிறந்தது. பிடித்த நாய்களுக்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்று கோர்ட்டு சொன்னது.

தெரு நாயைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். வீட்டு நாய் தெருவுக்கு வருவதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

பால் மறவாத குட்டியை ஒருவர் விற்கிறார். ஊசி போடாமல் இன்னொருவர் வாங்குகிறார். குட்டி நோயாளி ஆகிறது. முடி கொட்டுகிறது, நாற்றம் அடிக்கிறது. “பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும்” என்று பயப்படுகிறார்கள். ஒருநாள் இரவு வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். அதற்கு வேட்டையாடத் தெரியாது. பசியில் அலைகிறது. வெறிநாய் அதைக் கடிக்கிறது. அது ஒரு குழந்தையைக் கடிக்கிறது. ஒரு படர்தாமரையில் தொடங்கிய கதை எங்கே போய் முடிகிறது!

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு விதிப்படி, குட்டிகளை விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்த பிராணியைக் காரணம் இன்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். ஆனால், வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் சட்டத்தை மதிப்பார்.

வெறிநாய்க்கடி விஷயத்தில் விளையாட்டே கூடாது. நோய்க்குறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பது இல்லை. குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். நாய் கடித்தால், குட்டி நாயாக இருந்தாலும், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ பூசக் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது பழைய கதை. இப்போது கையில்தான் ஊசி. டாக்டர் சொல்லும் தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது.

நம் ஊர் நாய்களும் உண்டு

லாப்ரடார்தான் வேண்டும் என்று இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தென்பாண்டி வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை. முடி குட்டையானது, சூட்டைத் தாங்கும். 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனால் இவற்றுக்கும் ஊசி வேண்டும். ஓடி விளையாட இடம் வேண்டும். “நாட்டு நாய்க்கு நோய் வராது” என்பது தவறு.

நாய்க்கு நன்றி சொன்ன நாடு இது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. கள்வர்களைக் கடித்துக் காவல் காத்த “கோவிவன்” என்ற நாயின் பெயர் அந்தக் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நாயைக் கல்லில் வைத்து மதித்தவர்களின் பேரப்பிள்ளைகள், நோய் வந்த குட்டியைத் தெருவில் விடலாமா?

குட்டி வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

8 வாரம் ஆகிவிட்டதா? ஊசி போட்ட சீட்டு எங்கே? தாய் நாயைப் பார்க்கலாமா?

மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் குட்டியைத் தூக்கலாம். வராவிட்டால், பிள்ளை எவ்வளவு அழுதாலும், வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புவதே நல்லது. பிள்ளையின் அழுகை அன்று இரவோடு போகும். நோயாளிக் குட்டி மடியில் கிடந்து இறந்தால், அந்த அழுகை சுலபத்தில் ஓயாது.