சீட்டைத் தைக்கிற கையோடு என்ன பேரம்?

"சும்மா ஒரு தையல்தானே பாஸ், இதுக்கா இவ்வளவு?"

குருவிட்ட பக்கம் ஏ4 வீதியோரத்தில் குஷன் வேலை செய்கிற ஆளிடம் இப்படிக் கேட்கிறவர்கள் நம்ம ஆட்கள்தான். போன் கடையில் விலையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுக்கிற அதே ஆட்கள். கிழிந்த சீட்டை மலிவாகச் சரிசெய்ய வேண்டும் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. அந்த மலிவை யாருடைய கூலியிலிருந்து வெட்டி எடுக்கிறோம் என்பதில்தான் சண்டை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி வந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. புது வண்டி கனவாகிப்போன அந்த ஐந்து வருசமும் இருக்கிற காரையும் த்ரீவீலையும் உட்காருகிற மாதிரி வைத்திருந்தது குஷன் பாஸ்மார். அதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை, பேரம்தான் பேசினோம்.

சரி, உண்மையிலேயே காசு மிச்சம் பிடிக்கணுமா? முதலில் உங்கள் சீட் எதனால் ஆனது என்று பாருங்கள். "லெதர் சீட்" என்று பெருமை பேசுகிற பல கார்களில் உட்காருகிற, சாய்கிற இடம் மட்டும்தான் தோல். பக்கமும் பின்புறமும் ரெக்சின். த்ரீவீலில் முழுக்க ரெக்சின், அதாவது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். அதை இளக்கமாக வைத்திருக்கிற சேர்மானம் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். பிறகு விறைத்து, மடிகிற இடத்தில் வெடிக்கும். தோலில் மேல்பூச்சு வியர்வையாலும் உராய்வாலும் தேயும், ஏறி இறங்குகிற ஓரம்தான் முதலில் போகும்.

ஆகவே செலவில்லாத வைத்தியம் ஈரத்துணி, கொஞ்சம் மென்மையான சோப்பு, நிறுத்துவதற்கு நிழல். நம்ம ஊர் மழைக்கு நனைந்த குடையைச் சீட்டில் போட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றினால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் வந்ததும் கதவைத் திறந்து காயவிடுங்கள். தேங்காயெண்ணெய் தடவச் சொல்லுவாங்க, கேட்காதீங்க. பூச்சுப் போட்ட தோலுக்குள் அது இறங்காது, தூசியைத்தான் பிடித்து வைக்கும்.

கிழிசல் ஒரு அங்குலமாக இருக்கும்போதே கொண்டுபோனால் அடியில் துணி வைத்து, வளைகிற பசையால் ஒட்டி, நிறம் கொடுத்து முடித்துவிடலாம். நாம் என்ன செய்கிறோம்? வீடியோ பார்த்துச் சுப்பர் குளூ ஊற்றுகிறோம். அது கல்லு மாதிரி இறுகி, பக்கத்திலேயே புதுசாகக் கிழிக்கிறது. பிறகு அந்தத் துண்டு முழுவதையும் மாற்ற வேண்டும். கவரைக் கழற்றி, பழைய தையலைப் பிரித்து, பழைய துண்டையே அளவாக வைத்து வெட்டி, ஈரத்தில் உக்காத நைலோன் நூலால் தைத்து, ஸ்பொஞ்சின்மேல் சுருக்கமில்லாமல் மறுபடி இழுத்துப் பூட்ட வேண்டும். இதுதான் அந்த "சும்மா ஒரு தையல்."

இன்னொன்று. சில கார்களில் சீட்டின் பக்கத்துக்குள்ளேயே எயார்பேக் இருக்கிறது. விபத்தில் அது வெளியே வருவதற்காக அந்த இடத்துத் தையலை வேண்டுமென்றே பலவீனமாகப் போட்டிருப்பார்கள். அங்கே சாதாரண சீட் கவரை இழுத்து மாட்டினாலோ கெட்டி நூலால் தைத்தாலோ எயார்பேக் சரியாக விரியாது. இது தெரிந்த தையல்காரரின் கூலியைக் குறைக்கத்தான் நாம் கால்மணி நேரம் மல்லுக்கட்டுகிறோம்.

ஏன் இந்த வேலைக்கு இவ்வளவு இளக்காரம்? தோல், தையல் என்றாலே நம்ம வீடுகளில் ஒரு முகச்சுளிப்பு. சாதி பார்த்து லயம் பிரித்த காலத்திலிருந்து வருகிற நோய் அது. அருந்ததியர் மக்களின் சாதிப் பெயரை இன்னும் வசைச்சொல்லாக வாயில் வைத்திருக்கிறவர்கள், கார் வாங்கியதும் தோல் சீட்டைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். தோலில் உட்காருவது அந்தஸ்து, தோலைத் தைப்பது இழிவு. இந்தக் கணக்கை வெள்ளைக்காரத் துரை தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. குஷன் கடைக்கு வேலை பழகப் போகிறேன் என்று சொல்கிற தம்பியிடம் "இதுக்கா ஓ.எல். படிச்சே?" என்று கேட்கிற வாய் நம்மளுடையது.

லீசிங் கட்டவே திணறுகிற த்ரீவீல் அண்ணன் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர் முழு சீட்டையும் மாற்ற வேண்டாம், போன துண்டுக்கு மட்டும் ரெக்சின் போட்டால் போதும். எந்த நல்ல பாஸும் அதைத்தான் முதலில் சொல்லுவார். இரண்டு தவணையில் தருகிறேன் என்று கேட்பதிலும் வெட்கமில்லை, அது கூலியைக் குறைப்பதாகாது. எங்கள் கோபம் அவர்மேல் இல்லை. மாணிக்கக் காசில் ஜப்பான் கார் எடுத்து, அதன் சீட்டைத் தைத்தவருக்குக் கடைசி ஐநூறு ரூபாயைக் கொடுக்காமல் கிளம்புகிறவர்மேல்தான்.