பூட்டிய வீடுகளும் வீடில்லாத குடும்பங்களும்

2011-ல் இந்தியாவில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். ஆட்களை எண்ணியது போல வீடுகளையும் எண்ணினார்கள். நகரங்களில் மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வீடுகள் ஆள் இல்லாமல் காலியாகக் கிடந்தன!

மறு ஆண்டு, மத்திய சர்க்கார் அமைத்த நிபுணர் குழு இன்னொரு கணக்கைச் சொன்னது. பேராசிரியர் அமிதாப் குண்டு அந்தக் குழுவின் தலைவர். நகரங்களில் சுமார் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது அந்தக் குழு.

ஒரு பக்கம் பூட்டு தொங்குகிறது. இன்னொரு பக்கம் வீட்டுக்குத் தட்டுப்பாடு! இது என்ன விந்தை?

விந்தை ஒன்றும் இல்லை. வீடு தேவைப்படுகிறவர் வேறு. வீடு வாங்குகிறவர் வேறு. பற்றாக்குறையில் தவிக்கும் 100 குடும்பங்களில் 95-க்கு மேல் குறைந்த வருமானம் உள்ளவை. காலி வீடுகளை வாங்கிப் போட்டவர்களில் பலருக்கு ஏற்கனவே ஒரு வீடு இருக்கிறது. நகை வாங்கிப் பெட்டியில் வைப்பது போல, வீட்டை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

வீடு இல்லாதவர் என்றால் நடைபாதையில் படுப்பவர் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குழுவின் கணக்கில் அப்படிப்பட்ட குடும்பங்கள் 5 லட்சத்துக்குச் சற்று அதிகம்தான். சுமார் 1½ கோடிக் குடும்பங்கள் வேறு ரகம். அவர்களுக்குக் கூரை இருக்கிறது, இடம் இல்லை. மாமனார், மாமியார், மகன், மருமகள் எல்லோரும் ஒரே அறையில் படுக்க வேண்டும். கல்யாணம் ஆன தம்பதிக்குத் தனி அறை கிடையாது. இதையும் வீட்டுப் பஞ்சம் என்று குழு எண்ணியது. அது சரியான முடிவு.

கடன் வந்த கதை

முன்பெல்லாம் மாதச் சம்பளக்காரர் வீடு கட்டுவது ஓய்வு பெற்ற பிறகுதான். சேம நிதிப் பணம் கைக்கு வரும். மனைவியின் நகை அடகுக்குப் போகும். மீதிக்குக் கைமாற்று. கிருகப் பிரவேசம் நடக்கும்போது தலை நரைத்திருக்கும்.

1977-ல் பம்பாயில் எச்.டி.பாரேக் என்பவர், வீட்டுக் கடனுக்கென்றே எச்.டி.எப்.சி. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவரே ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த வேலையில் இறங்கினார். 1988-ல் தேசிய வீட்டு வசதி பாங்கி ஏற்பட்டது. பிறகு எல்லா பாங்கிகளும் இந்தத் தொழிலுக்கு வந்தன. 30 வயதிலேயே வீடு வாங்கலாம் என்ற காலம் பிறந்தது.

நல்ல காரியம்தான். ஆனால் கடன் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையெழுத்துப் போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

20 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக் கொள்வோம். வட்டி 9 சதவீதம். தவணைக் காலம் 20 ஆண்டுகள். மாதம் ரூ.17,995 கட்ட வேண்டும். முதல் மாதம் கட்டும் பணத்தில் வட்டிக்கே ரூ.15,000 போய்விடும். அசலில் கழிவது ரூ.2,995 மட்டுமே!

10 ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியாயிற்று. பாதிக் காலம் போய்விட்டது. பாதிக் கடன் தீர்ந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தீராது. இன்னும் ரூ.14 லட்சத்து 20 ஆயிரம் பாக்கி நிற்கும். 20 ஆண்டுகள் முடியும்போது கட்டிய மொத்தப் பணம் சுமார் ரூ.43 லட்சத்து 19 ஆயிரம்.

அதே கடனை 15 ஆண்டுகளில் அடைத்தால்? மாதம் ரூ.2,290 கூடுதலாகக் கட்ட வேண்டும். மொத்தத்தில் 6½ லட்சத்துக்கு மேல் மிச்சம். இதில் பாங்கியின் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. வட்டிக் கணக்கே அப்படித்தான். ஆனால் கடன் கொடுக்கும்போது இதை எத்தனை பேர் விளக்கிச் சொல்கிறார்கள்?

கொத்தனாருக்குக் கடன் இல்லை!

இவ்வளவும் கடன் கிடைக்கிறவர்களின் கவலை. கிடைக்காதவர்கள் நிலை என்ன?

ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் கொத்தனார். அவர் பாங்கிக்குப் போனால் முதல் கேள்வி, "சம்பளச் சீட்டு எங்கே?" என்பதுதான். அவருக்குச் சனிக்கிழமை கூலி கையில் வருகிறது, சீட்டு வருவதில்லை. அடுத்த கேள்வி, "பட்டா இருக்கிறதா? மூலப் பத்திரம் இருக்கிறதா?" பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கும் இடம்தான். காகிதம் இல்லை.

அவர் மாதா மாதம் தவறாமல் வாடகை கட்டுகிறவராக இருக்கலாம். அந்த ஒழுங்கு எந்தப் புத்தகத்திலும் பதிவாவதில்லை.

சம்பளச் சீட்டு கேட்காமல் கடன் கொடுக்கும் கம்பெனிகளும் இப்போது உண்டு. ஆனால் வட்டி அதிகம். 10 லட்சத்துக்கு 15 ஆண்டுத் தவணை என்றால், 9 சதவீத வட்டியில் மாதம் ரூ.10,143. வட்டி 15 சதவீதமானால் ரூ.13,996. சம்பளக்காரரை விட மாதம் ரூ.3,850 கூடுதல்! இல்லாதவரிடம்தான் அதிகம் வாங்குகிறது இந்த உலகம்.

தவணை தவறினாலும் ஆபத்து. 2002-ல் வந்த சட்டப்படி, 90 நாள் பாக்கி விழுந்து கடன் வாராக் கடனாகிவிட்டால், பாங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்ற வழி உண்டு. மழைக்காலத்தில் கொத்து வேலை நின்றுபோகும் என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரியாது.

சர்க்கார் சும்மா இருந்ததா? இல்லை. 2015-ல் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. நகரங்களில் 1 கோடிக்கு மேல் வீடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். பெரிய முயற்சி, பாராட்ட வேண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி, சொந்த மனை உள்ளவர் தாமே கட்டிக்கொள்வதற்கான உதவி. மனையே இல்லாதவர் என்ன செய்வார்?

சிக்கல் மண்ணில் இருக்கிறது. செங்கல்லை அதிகமாகச் சுடலாம். சிமெண்டை அதிகமாகச் செய்யலாம். மயிலாப்பூரில் மனையை அதிகமாகச் செய்ய முடியுமா? மனை பெருகாத இடத்தில் கடனை மட்டும் பெருக்கினால், விற்கிறவர் விலையை ஏற்றுவார். வட்டியில் கிடைத்த சலுகை அவர் பைக்குள் போய்விடும்.

மெக்சிகோவில் நடந்தது

மெக்சிகோ நாட்டில் 1972-ல் தொழிலாளருக்கு வீட்டு நிதி ஏற்படுத்தினார்கள். முதலாளிகள் சம்பளத்தில் 5 சதவீதம் அதற்குச் செலுத்த வேண்டும். 2000-க்குப் பிறகு லட்சக்கணக்கில் கடன் கொடுத்தார்கள். கம்பெனிகள் மண் மலிவான இடம் தேடி, நகரத்துக்கு வெகு தூரத்தில் வரிசை வரிசையாக வீடு கட்டின. வீடு இருந்தது, அருகில் வேலை இல்லை, பஸ் இல்லை. 2010-ல் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய 50 லட்சம் வீடுகள் காலி! காரணங்கள் பல, தூரம் அவற்றில் முக்கியமானது.

சென்னைக்கும் இந்த அனுபவம் உண்டு. ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். காங்கிரீட் கூரை கிடைத்தது. ஆனால் பட்டணத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்த பெண்ணுக்குப் பிழைப்பு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. வீடு கட்டுகிறவர்கள் பஸ் ரூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே வட்டிச் சலுகையோடு நின்றால் போதாது. ஊருக்குள் சும்மா கிடக்கும் சர்க்கார் நிலத்தில் ஏழைகளுக்கு மாடி வீடுகள் எழ வேண்டும். ஒழுங்காக வாடகை கட்டியவரின் ரசீதைச் சம்பளச் சீட்டுக்குச் சமமாகப் பாங்கிகள் ஏற்க வேண்டும். அந்தக் கடனுக்குச் சர்க்கார் ஜாமீன் நின்றால் 15 சதவீதம் தானே இறங்கும்.

பூட்டிய வீடுகளும் திறக்க வேண்டும். குடிவைத்தால் காலி செய்ய மாட்டார் என்று வீட்டுக்காரருக்குப் பயம். முன்பணத்தை நினைத்துக் குடித்தனக்காரருக்குப் பயம். தமிழ்நாட்டில் 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும் என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. வீடு தேடி அலைகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்ல முடியுமா? முதலில் அந்தச் சந்தை அடைக்கலாம்.