இணை உலகங்கள்: சோதித்துப் பார்க்க முடியுமா?

2024 டிசம்பரில் கூகுள் 'வில்லோ' என்ற குவாண்டம் சிப்பை அறிமுகப்படுத்தியது. குவாண்டம் கணக்குகள் பல இணை உலகங்களில் நடக்கின்றன என்ற கருத்துக்கு இது வலு சேர்க்கிறது என்று அந்த அறிவிப்பில் ஒரு வரி! அவ்வளவுதான்... இணை உலகத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று பேச்சு கிளம்பிவிட்டது.

உண்மையிலேயே கிடைத்துவிட்டதா? இல்லை.

முதலில் கதை. ஒரு எலக்ட்ரான் ஒரே சமயத்தில் பல நிலைகளில் இருக்கலாம் என்கிறது குவாண்டம் சமன்பாடு. ஆனால் அளந்து பார்த்தால் ஒரே ஒரு விடைதான் வருகிறது. மற்றவை எங்கே போயின? அளக்கும்போது அவை மறைந்துவிடுகின்றன என்பது பழைய விளக்கம். 1957ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹ்யூ எவரெட், எதுவுமே மறையவில்லை என்றார். எல்லா விடைகளும் நடக்கின்றன. அளப்பவரும் அவரோடு சேர்ந்த உலகமும் கிளை கிளையாகப் பிரிகின்றன! 1959ல் கோபன்ஹேகன் போய் நீல்ஸ் போரைச் சந்தித்தும் பலனில்லை. எவரெட் மீண்டும் இயற்பியல் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பவே இல்லை.

இதில் என்ன சிக்கல்? ஒரே வரவு செலவை இரண்டு கணக்குப்பிள்ளைகள் இரண்டு விதமாக எழுதினாலும் கடைசியில் இருப்பு ஒன்றுதான். அதுபோல வழக்கமான சோதனைகளில் பழைய விளக்கமும் எவரெட்டின் விளக்கமும் ஒரே விடையைத்தான் தருகின்றன. இருப்பை மட்டும் பார்த்து எந்தக் கணக்குப்பிள்ளை சரி என்று சொல்ல முடியாது.

அதற்காக "சோதிக்கவே முடியாது, வெறும் கற்பனை" என்று ஒதுக்குவதும் அவசரம்தான். 1986ல் கிரார்டி, ரிமினி, வெபர் என்ற மூவர், பல நிலைகளும் தாமாகவே குலைந்து ஒன்றாகிவிடும், பொருள் பெரிதாக ஆக அது விரைவாக நடக்கும் என்று ஒரு கொள்கை சொன்னார்கள். இதைச் சோதிக்கலாம்! 1999ல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு அலை போல நடந்துகொண்டது. 2019ல் சுமார் 2000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளும் அப்படியே. என்றாவது ஒரு அளவுக்கு மேல் சமன்பாடு உடைந்தால் எவரெட் கதை அன்றோடு முடிந்தது.

1985ல் டேவிட் டாய்ச் இன்னும் ஒரு படி மேலே போனார். அளப்பவரே ஒரு குவாண்டம் கணினியாக இருக்கட்டும். அளந்த பிறகு அதை அப்படியே பின்னோக்கி ஓட்டினால், நடுவில் ஏதாவது மறைந்ததா என்று தெரிந்துவிடும் என்றார். அதற்கான கருவி இன்னும் யாரிடமும் இல்லை.

ஆக, இந்தக் கொள்கை தோற்க வழி இருக்கிறது. ஆனால் தோற்காமல் இருப்பதும் ஜெயிப்பதும் ஒன்றல்ல. 2000 அணுக்கள் வரை சமன்பாடு சரி என்றால், அந்த அளவுவரை சமன்பாடு சரி என்றுதான் அர்த்தம். வேறு உலகங்களே தேவைப்படாத டேவிட் போமின் விளக்கமும் அதே சோதனையில் தேறிவிடுகிறது.

வில்லோ விஷயமும் இதுதான். சிப் சரியாக வேலை செய்ததால் சமன்பாடு ஜெயித்தது. செய்யாமல் போயிருந்தால் பழி பொறியாளர்கள் மேல் விழுந்திருக்கும், இணை உலகத்தின் மேல் அல்ல!

அழகான விளக்கத்தையும் நிரூபித்த உண்மையையும் ஒரே தட்டில் வைத்தால், நாளை எதை வேண்டுமானாலும் 'குவாண்டம்' என்று முத்திரை குத்தி விற்றுவிடலாம். அடுத்த முறை 'இணை உலகம் கண்டுபிடிப்பு' என்று தலைப்பைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

சோதனையில் வேறு முடிவு வந்திருந்தால், இந்தக் கொள்கை தோற்றதாக ஒப்புக்கொண்டிருப்பார்களா?