சாவி யார் கையில்?

பரமத்தி வேலூரில் வெற்றிலை வியாபாரம் செய்கிறவர் தம் இரும்புப் பெட்டிச் சாவியைப் பெற்ற பிள்ளையிடம் கொடுக்கவும் இரண்டு தரம் யோசிப்பார். ஆனால் கம்பெனி டைரக்டர்கள் பலருடைய டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எங்கே இருக்கிறது? ஆடிட்டர் குமாஸ்தாவின் மேஜை இழுப்பறையில், பின் நம்பர் எழுதிய காகிதம் சுற்றப்பட்டு, ரப்பர் வளையத்துக்குள் துயில்கிறது!

2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இக்கையொப்பத்துக்குப் பேனாக் கையெழுத்தின் அந்தஸ்தை அளித்திருக்கிறது. டோக்கனுக்குள் உள்ள இரகசியச் சாவியை நகல் எடுத்தல் இயலாது. அது நல்ல பந்தோபஸ்துதான். ஆனால் டோக்கனும் நம்பரும் ஒருவர் கையிலேயே சேர்ந்திருந்தால், கம்பெனிப் பதிவாளருக்குச் செல்லும் பத்திரத்தில் அவர் நம் பெயரால் ஒப்பமிடலாம். பிற்பாடு, 'நான் இடவில்லை' என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும்.

இந்த டோக்கனுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு. செக்யூரிட்டி கீ என்பது அவன் பெயர். கட்டைவிரல் அகலந்தான் இருப்பான். செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யைத் திருடன் கேட்டால் நாமே வாசித்துக் காட்டிவிடுகிறோம். இவனிடம் வாசித்துக் காட்ட எண்ணே கிடையாது. பதிவு செய்த தளத்தின் விலாசத்தைப் பார்த்து, அதற்கு மாத்திரமே விடை கொடுப்பான். ஓர் எழுத்து மாறிய போலித் தளத்தைக் கண்டு நம் கண் மயங்கினாலும் இவன் மயங்குவதில்லை. 2022-ல் கிளவுட்பிளேர் என்னும் அமெரிக்கக் கம்பெனியில் மூன்று ஊழியர்கள் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தே விட்டார்கள். சாவி இல்லாமையால் திருடர்கள் வாசலோடு நின்றார்கள். 2017 முதல் சாவி வழங்கப்பட்ட கூகிள் ஊழியர்கள் 85,000 பேருக்கு மேல்; அவர்களில் ஒருவருடைய அலுவலகக் கணக்கும் இவ்வகை மோசடியில் பறிபோகவில்லை என்று 2018-ல் அக்கம்பெனி கூறிற்று.

விலை சில ஆயிரம் ரூபாய். அதிலும் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று தொலைந்தால் நம் வீட்டுக்கு நாமே அந்நியர் ஆகிவிடுவோம். நடுத்தரக் குடும்பத்துக்கு இது இலேசான செலவன்று. வாங்குவோர் முதலில் ஈ-மெயில் கணக்குக்குப் பூட்டுப் போடுவது உசிதம். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதங்கள் அங்கேதானே வந்து சேருகின்றன!

டோக்கன் விஷயத்தில் செலவொன்றுமில்லை. திரும்ப வாங்கி, பின் நம்பரை மாற்றினால் போதும். ஆடிட்டர் கோபித்துக்கொள்வாரே என்று சில நேயர்கள் தயங்கலாம். கோபித்துக்கொள்ளட்டும். தாக்கல் செய்யும் நாளன்று டோக்கனோடு நாமே போய், கண்ணெதிரே ஒப்பமிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பலாம்.