மௌனத்துக்கு இரண்டு பொருள்

எனது ஆய்வேட்டின் இரண்டாம் இயலை நெறியாளரிடம் அளித்துச் சில வாரங்கள் கழிந்தபின் அது திரும்பி வந்தது. "வாதத்தில் குறையில்லை. மேற்கோள் பகுதிகளில் மட்டும் ஏன் இத்தனை எழுத்துப்பிழைகள்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நான் பார்வையற்றவன், திரைவாசிப்பானின் துணையோடு எழுதுபவன். தட்டச்சிட்ட சொல்லில் பிழை இருப்பின் என் கணினி ஒரு சிறு உறுமலை எழுப்பும். என் சொந்த வாக்கியங்களில் அவ்வுறுமல் தவறாமல் எழுந்தது, உடனுக்குடன் திருத்தினேன். மேற்கோள்களில் ஒருமுறையும் எழவில்லை. எழாமையையே நற்சான்றாகக் கொண்டிருந்தேன்.

இத்தகைய ஒலிக்குறிப்புகளை அலங்காரம் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பார்வையுடையோர் ஒரு பக்கத்தை நோக்குகையில் சொற்களை மட்டும் காண்பதில்லை. தடித்த எழுத்து, உள்தள்ளல், பிழையின் கீழ் ஓடும் சிவப்புக் கோடு ஆகிய யாவும் வாசிப்போடு ஒருங்கே கண்ணில் படுகின்றன. செவியால் வாசிப்பவருக்கு இவை ஒவ்வொன்றையும் சொல்லால் அறிவித்தால் மூல வாக்கியம் சிதறிப்போகும். சொல்லுக்கு இடையூறின்றிச் செய்தியைச் சேர்ப்பதே ஒலிக்குறிப்பின் பணி.

இதற்கு ஓர் ஆய்வு மரபும் உண்டு. கணினி நிகழ்வுகளை அன்றாட ஒலிகளால் உணர்த்துவது குறித்து வில்லியம் கேவர் 1986-இல் எழுதினார். குறுகிய இசைத் துணுக்குகளால் உணர்த்தும் முறையை மீரா பிளாட்னரும் உடனாய்வாளர்களும் 1989-இல் முன்வைத்தனர். புணேயில் பிறந்த பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. இராமன் 1994-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் ஆய்வேடு, கணித நூல்களைச் செவிக்குரிய வடிவில் ஒழுங்குசெய்வது பற்றியது. அடுக்குக்குறி வருமிடத்தில் குரலின் சுருதியை உயர்த்தினால் போதும். அதை அறிவிக்கத் தனிச் சொல் தேவையில்லை. அவர் உருவாக்கிய ஈமாக்ஸ்பீக் என்னும் திறமூல மென்பொருளில் ஒலிச்சின்னங்கள் இன்றும் பயன்படுகின்றன.

நான் பயன்படுத்துவது என்விடிஏ. மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இந்தத் திறமூலத் திரைவாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது. அதனோடு இணைந்து வரும் ஈஸ்பீக் என்ஜி என்னும் பேச்சுப்பொறி தமிழையும் பேசும். கோப்பு இறங்குகையில் படிப்படியாக உயரும் சுருதி, இணையப் பக்கத்தில் வாசிப்பு நிலையிலிருந்து தட்டச்சு நிலைக்கு மாறுகையில் எழும் ஒலி, பிழைக்கு உறுமல் எனப் பல குறிப்புகள் அதில் உண்டு.

என் கணினியைச் சோதிக்க ஆய்வகத்தில் ஓர் இளைய மாணவர் முன்வந்தார். பேசப்படும் சொற்களைத் திரையில் காட்டும் சாளரம் ஒன்று என்விடிஏ-வில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாக வருகிறதே, அண்ணா" என்றார். அவர்மீது குற்றமில்லை. அச்சாளரம் சொற்களை மட்டுமே காட்டும். ஒலிக்குறிப்பு எழுந்ததா என்பதைக் காட்டாது. என் குறை அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

ஆகவே வரிசையாகத் தேடத் தொடங்கினேன். இவ்வரிசை பிறருக்கும் பயன்படலாம்.

முதலில், ஒலி வெளியேறும் வழி. பேச்சின் ஒலியளவும் குறிப்புகளின் ஒலியளவும் தனித்தனியே அமையக்கூடியவை; பேச்சு கேட்பதனால் குறிப்பும் கேட்கும் எனக் கொள்ளலாகாது. கம்பியில்லாச் செவிப்பொறிகளில் சில, அமைதி நேரத்தில் உறங்கிவிட்டுத் தாமதமாக விழிக்கும். நொடிப்பொழுதே ஒலிக்கும் குறிப்பு அத்தாமதத்தில் மறைந்துபோகும். கம்பியுள்ள செவிப்பொறியை மாட்டி வேறொரு குறிப்பை எழுப்பிப் பார்த்தால் இது தெளிவாகும்.

அடுத்து, அமைவுகள். தட்டச்சின்போது பிழைக்கு ஒலி எழுப்பும் தெரிவு விசைப்பலகை அமைவுகளில் இருக்கிறது. ஆனால் ஆவண வடிவமைப்பு அமைவுகளில் எழுத்துப்பிழையை அறிவிக்கும் தெரிவு அணைந்திருந்தால் அது செயல்படாது. ஒரு பூட்டின் திறவுகோல் மற்றோர் அறையில் இருப்பதை ஒத்த ஏற்பாடு இது.

மூன்றாவதாக, கூட்டுநிரல்களும் பேச்சுப்பொறியும். கூட்டுநிரல்களை முடக்கி மீளத் தொடங்கிப் பார்க்க வேண்டும். வேறு பேச்சுப்பொறி பயன்படுத்துவோர் ஈஸ்பீக்குக்கு மாறிப் பார்க்க வேண்டும். அப்போது குறை நீங்கினால் வழு எப்பக்கம் என்பது புலப்படும். நீங்காவிடின் மென்பொருளின் பதிவேட்டைப் படிக்க வேண்டும்.

என் கணினியில் இம்மூன்றிலும் குறையில்லை. நான்காவது இடத்தில்தான் விடை கிடைத்தது. பிழையைக் கண்டுபிடிப்பது திரைவாசிப்பான் அன்று, எழுதுசெயலி. அது குறித்துத் தருவதையே திரைவாசிப்பான் ஒலியாக்குகிறது. நான் பயன்படுத்தியது துறையில் வழங்கிய ஆய்வேட்டு மாதிரிக் கோப்பு. அதில் மேற்கோளுக்குரிய பாணி, 'எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம்' என்னும் குறிப்போடு அமைக்கப்பட்டிருந்தது. தமிழறிந்தோர் மிகச் சிலரே உள்ள வளாகம் எங்களுடையது. வேற்றுமொழியாகக் குறிக்கப்பட்ட தமிழ் வரிகளின் கீழ்ச் சிவப்புக் கோடுகள் மலிந்திருந்ததைக் கண்டு, பக்கம் தூய்மையாகத் தோன்றும் பொருட்டு யாரோ அவ்வாறு செய்திருக்க வேண்டும். ஒருவர் கண்ணுக்கு உறுத்தியது நீக்கப்பட்டது. அதனுடன் என் செவிக்குரிய எச்சரிக்கையும் நீங்கிற்று.

இங்கு என் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் மேற்கோள்கள் பழந்தமிழ் நூல்களிலிருந்து எடுத்தவை. சொல்திருத்தி அறியாத சொற்கள் நிறைந்தவை. பிழையின்றித் தட்டச்சிட்டிருந்தாலும் அங்கே உறுமல் அடிக்கடி எழுந்திருக்க வேண்டும். அந்த அமைதியே என்னை ஐயுறச் செய்திருக்க வேண்டும். மௌனத்துக்கு இரண்டு பொருள் உண்டு: பிழை இல்லை என்பது ஒன்று, எவரும் பிழை பார்க்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் செவியில் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஒலிக்குறிப்பின் பழுது ஏனைய பழுதுகளினும் கொடியது என நான் கருதுவதன் காரணம் இதுவே. பேச்சு நின்றால் உடனே அறிகிறோம். குறிப்பு நின்றால் நலமே நிகழ்கிறது என நம்பி மேலே செல்கிறோம்.

இதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. முதலாண்டு மாணவி ஒருவர் தம் கணினி பேச்சிழந்து 'பீப்' ஒலி மட்டும் எழுப்புகிறது என்று தேர்வுக்கு முதல்நாள் இரவு கலங்கி அழைத்தார். என்விடிஏ விசையுடன் எஸ் விசையைத் தவறுதலாக அழுத்தினால் பேச்சு நிலை மாறும். அந்நிலைகளுள் ஒன்றில் ஒவ்வொரு பேச்சுக்கும் பதிலாக ஒரு பீப் மட்டுமே எழும். மீண்டும் அவ்விசைகளை அழுத்தச் சொன்னேன், பேச்சு மீண்டது. ஆனால் அதற்குள் அவருக்கு இரண்டு மணிநேரப் படிப்பு போயிற்று. மென்பொருளை நிறுவித் தந்தவர்கள் இதைச் சொல்லித் தரவில்லை.

இவை தொழில்நுட்பப் பணியாளர் பார்க்க வேண்டியவை. ஆய்வாளர் பொழுதை ஏன் இதில் செலவிட வேண்டும் என்று சிலர் வினவுவர். வினாவின் ஒரு பாதியை ஏற்கிறேன். பார்வையற்ற மாணவர் தம் படிப்போடு கருவியைப் பழுதுபார்க்கும் சுமையையும் தனியே சுமப்பது நீதியன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கல்வியில் தக்க வசதிகள் செய்து தருவதை நிறுவனங்களின் கடமையாக்குகிறது. மென்பொருளைக் கணினியில் ஏற்றியதும் அக்கடமை தீர்ந்துவிடுவதில்லை. மறுபாதியை ஏற்க இயலாது. பழந்தமிழ் மேற்கோளில் உறுமல் எழவேண்டிய இடம் எது என்பதைத் தமிழறியாத பணியாளர் எவ்வாறு அறிவார்? அதைச் சொல்ல வேண்டியவர்கள் தமிழ் படித்த நாமே.

திறமூல மென்பொருள் அதற்கு வாயில் திறந்து வைத்திருக்கிறது. வழு அறிக்கையை எவரும் அளிக்கலாம். எந்தப் பதிப்பு, எந்தச் செயல்களின் பின் நிகழ்ந்தது, எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது, பிற கணினியிலும் மீள நிகழ்கிறதா என்பனவற்றை அதில் எழுத வேண்டும். சான்று தருதல், மாறிகளைத் தனிமைப்படுத்தல், பிறர் மீளச் செய்து பார்க்க இடமளித்தல் என நம் ஆய்வு முறையியல் வகுப்புகளில் கற்பிப்பவையும் இவையே.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். துறைகள் தம் ஆய்வேட்டு மாதிரிக் கோப்பை வெளியிடுமுன் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரிடம் கொடுத்து, வேண்டுமென்றே பிழைகளை இட்டுச் சோதிக்கட்டும். மொழித்தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள், நன்கு எழுதிய ஒரு வழு அறிக்கையைப் பருவக் கட்டுரைக்கு ஈடாக ஏற்கட்டும். பார்வையுள்ள நண்பர்கள், உதவ வரும்போது திரையை நோக்குவதற்கு முன் செவிப்பொறியை மாட்டிக்கொள்ளட்டும்.

என் இரண்டாம் இயலின் மேற்கோள் பாணியில் மொழியைத் தமிழ் என மாற்றிவிட்டேன். இப்போது அங்கே உறுமல் அடிக்கடி எழுகிறது. பெரும்பாலும் தேவையின்றியே எழுகிறது. ஒவ்வொன்றையும் நின்று, எழுத்தெழுத்தாகக் கேட்டு, மூலத்தோடு ஒப்பிட்டுக் கடக்கிறேன். வேலை மெதுவாகவே நகர்கிறது. ஆயினும் இப்போது அமைதி நிலவும் வரிகளை நம்ப முடிகிறது.