ஜப்பானிய மொழிக்குப் புதிய ரோமன் எழுத்து விதி: குறில், நெடில் சிக்கல் தீருமா?

ஜப்பானிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் அதிகாரப்பூர்வ விதியை அந்நாட்டு அரசாங்கம் ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்குப் பிறகு மாற்றியுள்ளது. கலாசார ஆலோசனை மன்றம் 2025 ஆகஸ்டில் பரிந்துரை அளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமைச்சரவை அறிவிப்பு வெளிவந்தது. 1954-ஆம் ஆண்டு விதி அத்துடன் விலகியது.

பழைய விதி முதன்மையாக வைத்தது ‘குன்ரே’ முறையை. ஜப்பானிய எழுத்துகளும் நம் உயிர்மெய் போல வரிசையாக அமைந்தவை. ஆனால், ‘த’ வரிசையில் ‘தி’ வரவேண்டிய இடத்தில் ஜப்பானியர் ‘ச்சி’ என்றும், ‘து’ வரவேண்டிய இடத்தில் ‘ட்சு’ என்றும் ஒலிக்கிறார்கள். குன்ரே முறை ஒலியைவிட வரிசையைப் பெரிதாகக் கருதி, அனைத்திற்கும் ஆங்கில ‘டி’ எழுத்தையே கொடுத்தது. ஜப்பானியப் பிள்ளைகளுக்கு இது எளிது. ஆனால் ‘ஐச்சி’ மாநிலத்தின் பெயரை வெளிநாட்டவர் ‘ஐதி’ என்றுதான் படிப்பார்கள்.

புதிய விதி ஹெப்பர்ன் முறையை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்க மருத்துவரும் சமயப் பணியாளருமான ஜேம்ஸ் கர்டிஸ் ஹெப்பர்ன் 1867-இல் வெளியிட்ட அகராதியின் வழியில் வளர்ந்த முறை இது. காதில் விழும் ஒலியை ஆங்கிலம் அறிந்தவர் படிக்கும்படி எழுதுவதே இதன் நோக்கம்.

உண்மையில், வீதிகளில் ஹெப்பர்ன் எப்போதோ வென்றுவிட்டது. போர் முடிந்த 1945-இல் நேசநாட்டுப் படையினர் ஊர்ப் பெயர்ப் பலகைகளை அம்முறையில் எழுதப் பணித்தனர். கடப்பிதழிலும் ரயில் நிலையங்களிலும் அதுவே நிலைத்தது. பள்ளியில் ஒன்று, வீதியில் வேறொன்று என்ற நிலையை இப்போதுதான் அரசாங்கம் சரிசெய்கிறது.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஜப்பானிய மொழியில் குறில், நெடில் மாறினால் பொருளே மாறும். ‘ஒனொ’ என்ற குடும்பப் பெயருக்குச் சிறுவயல் என்று பொருள். ‘ஓனொ’ என்றால் பெருவயல். ரோமன் எழுத்தில் நெடில் குறியை விட்டுவிட்டால் இருவர் பெயரும் ஒன்றாகிவிடும். நெடிலுக்கு மேற்கோடு இடலாம், முடியாவிட்டால் உயிரெழுத்தை இரட்டிக்கலாம் என்கிறது புதிய விதி. எனினும், ஜூடோ, மாட்சா போல் உலக வழக்கில் ஊன்றிவிட்ட சொற்களை உடனே மாற்றத் தேவையில்லை. ஆட்பெயரில் உரியவரின் விருப்பம் மதிக்கப்படும்.

இதில் தமிழ் வாசகருக்கும் பங்கு உண்டு. ஜப்பானியப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் வழியாகவே தமிழுக்கு வருகின்றன. ‘தோக்கியோ’வில் இரு நெடிலும் சரியாக அமைந்துவிட்டன. ஆனால் ‘ஒசாகா’ என நாம் எழுதும் நகரின் பெயரில் முதலெழுத்தே நெடில், ‘ச’ குறில். ஆழிப்பேரலைக்குப் பின் வீட்டுச் சொல்லாகிவிட்ட ‘சுனாமி’யிலும் ஜப்பானியர் ‘னா’ என நீட்டுவதில்லை.

குறிலையும் நெடிலையும் தனித்தனி எழுத்தாகவே வைத்திருக்கும் மொழி தமிழ். ஜப்பானியர் மேற்கோட்டை மறவாமல் இட்டால், அவர்களின் பெயர்களை ஆங்கிலத்தைவிடத் துல்லியமாக எழுதத் தமிழால் முடியும். அந்தக் கோடு விடுபட்டால், விதி மாறியும் பழைய பிழை தொடரும்.