விறைப்பு என்னும் மூடநம்பிக்கை

சென்ற மழைக்காலத்தில் என் நண்பர் ஒருவரின் கார் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெடுஞ்சாலையில் வழுக்கிச் சுழன்று, நடுத்திட்டில் மோதி நின்றது. நல்லவேளையாக அவருக்குக் காயமில்லை. மறுநாள் காரைப் பார்க்கப் போயிருந்தேன். முன் டயர்களின் வெளிப்பக்கம் புதியது போலிருந்தது. குனிந்து உள்விளிம்பைப் பார்த்தால் பள்ளங்கள் முற்றிலும் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்காகச் செய்துகொண்ட வீல் அலைன்மென்ட்டுடன் ஏழு மாதம் அலுவலகம் போய்வந்திருக்கிறார். “செய்தவர் நல்ல வேலைக்காரர் ஆயிற்றே” என்றார். நல்ல வேலைதான், ஆனால் வேறோர் இடத்துக்காகச் செய்த வேலை.

தடத்துக்கு ஏற்றது சாலைக்கு இன்னும் நல்லது என்ற எண்ணம் நம் கார் ஆர்வலர்களிடையே கேள்விக்கு அப்பாற்பட்ட நம்பிக்கையாகிவிட்டது. அது பிழை மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட என்பதே என் கட்சி.

கேம்பரை எடுத்துக்கொள்வோம். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்புறச் சக்கரமும் உடன் சாய்ந்து, டயர் தன் வெளிவிளிம்பில் நிற்க முற்படும். அதை ஈடுசெய்யவே சக்கரத்தின் மேற்பகுதியை முன்கூட்டியே உள்நோக்கிச் சாய்த்து வைக்கிறார்கள். தடத்துக்கான கார்களில் இது 3 டிகிரி வரை போவதுண்டு. அங்கே நேரத்தை வெல்வதும் இழப்பதும் வளைவுகளில்தான். நெடுஞ்சாலையிலோ கார் பெரும்பாலும் நேராகவே போகிறது. அங்கே அதே சாய்வு பாரத்தை உள்விளிம்பில் குவித்து, பிரேக் அழுத்தும்போது தரையைப் பற்ற வேண்டிய பரப்பைக் குறைக்கிறது.

டோ இதைவிடப் பொல்லாதது. முன்சக்கரங்கள் சற்றே வெளிநோக்கிப் பார்த்தால் ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே கார் துடிப்பாகத் திரும்பும். நேர்ச்சாலையில் அதே கார் அலைபாயும். ஒரு சக்கரம் கால் டிகிரி விலகியிருந்தால், வடிவியல் கணக்குப்படி அது கிலோமீட்டருக்கு 4 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டரில் அது 40 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இவை இரண்டும் சேர்ந்தால் உள்விளிம்பு தேயாமல் என்ன செய்யும்? மழைநீரை வெளியேற்ற அங்கே பள்ளங்கள் இல்லாதபோது டயர் நீரின்மேல் மிதக்கிறது. நண்பருக்கு நேர்ந்தது அதுதான்.

நிற்க. ஸ்பிரிங்குகளுக்கு வருவோம். பந்தயக் கார்கள் விறைப்பாக இருக்கின்றன, ஆகவே விறைப்பே சிறப்பு என்கிறார்கள். அவை ஏன் விறைத்திருக்கின்றன என்று கேட்பவர் குறைவு. காருக்கு அடியில் பாயும் காற்றைக்கொண்டே காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் உத்தியின் வலிமையை 1978-ல் லோட்டஸ் 79 காட்டியது. காரின் அடித்தளம் தரையிலிருந்து மாறாத உயரத்தில் இருந்தால்தான் அந்த உத்தி பலிக்கும். எனவே அடுத்துவந்த ஆண்டுகளில் ஸ்பிரிங்குகள் கல்லாயின, ஓட்டுநர்களின் உடல் நொந்தது, 1983-ல் ஃபார்முலா ஒன் தட்டையான அடித்தளத்தைக் கட்டாயமாக்கியது. 2022-ல் அதே உத்தி திரும்பியபோது கார்கள் நேர்ப்பாதையில் குதிக்கத் தொடங்கின. செங்குத்து அதிர்வுக்கு அந்த ஆண்டிலேயே வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. ஆக, அந்த விறைப்பின் பெரும்பகுதி காற்றுக்குச் செலுத்தும் கப்பம். நம் சாலைக் கார்கள் அந்தக் காற்றின் துணையைப் பெறுவதேயில்லை. பின் கப்பம் மட்டும் எதற்கு?

டயரின் பிடி அதன்மேல் உள்ள பாரத்தைப் பொறுத்தது. மேடுபள்ளத்தில் விறைத்த ஸ்பிரிங் அந்தப் பாரத்தை ஏற்றியிறக்கி அலைக்கழிக்கிறது. டயர் தரையைவிட்டு எழும்பும் கணத்தில் பிடி அறவே இல்லை. காலின் சாப்மன் இதை அறிந்தவர். அவரது 1962-ஆம் ஆண்டின் லோட்டஸ் எலான், மென்மையான ஸ்பிரிங்குகளோடுதான் சாலையில் புகழ்பெற்றது. 2017-ல் வெளிவந்த அல்பைன் ஏ110-ம் அதே வழியில் வந்ததுதான். சுமார் 1,100 கிலோ எடை. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன். உடல் சாய்ந்தாலும் டயர் பெருமளவு நிமிர்ந்தே நிற்கும்படி அதன் வடிவியல் அமைந்திருப்பதால், சாய்வைத் தடுக்க ஸ்பிரிங்கைக் கல்லாக்க வேண்டியிருக்கவில்லை.

மென்மை என்றால் படகுபோல் ஆடுவது என்பார்கள். ஆட்டத்தை அடக்குவது டேம்பரின் வேலை, ஸ்பிரிங்கின் வேலையன்று. தேய்ந்த டேம்பரை மாற்றாமல் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவோர் நோயை விட்டுவிட்டு நோயாளியைக் கட்டிப்போடுகிறவர்கள். மேலும், மாக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள காரை அளவுமீறித் தாழ்த்தினால் கீழ்க்கை மேல்நோக்கிச் சரிந்து, வளைவில் கிடைக்க வேண்டிய கேம்பரே குறைந்துபோகும். தாழ்த்தியவர் தேடிய பிடியை அவரே அழிக்கிறார்.

“என் கார், என் டயர், என் பணம்” என்பது கடைசி வாதம். தடத்தில் அது செல்லும். அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், ஹெல்மெட் அணிந்திருக்கிறார்கள். சாலையில் உங்கள் முன்னால் குழந்தையை நடுவில் அமர்த்திக்கொண்டு ஸ்கூட்டரில் ஒரு குடும்பம் போகிறது. உங்கள் டயரின் உள்விளிம்பைப் பற்றி அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

தடத்துக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு அமைப்புகளையும் அளந்து ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தடத்தில் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பத்தை அளந்து, அது சொல்லும் கேம்பரை மட்டும் வையுங்கள். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் இரண்டையும் சேர்த்தே சரிபாருங்கள். திங்கட்கிழமை காலை அலுவலகம் கிளம்பும் முன் கார் சாலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால், சாலைக்கான அமைப்போடு தடத்தில் சில நொடிகளை இழந்துவிட்டு வாருங்கள். அந்த நொடிகளை இழப்பதால் யாருக்கும் காயமில்லை.